2024–25 ஆண்டறிக்கை: மண்ணுக்குள் பார்த்த ஒரு வருடம்

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான பறவைக் கணக்கெடுப்பு இந்த வருடமும் நடந்தது. மரக்கன்று நடவும் நடந்தது, பாதிக் கன்றை ஆடு மேய்ந்தது. இரண்டைப் பற்றியும் சொல்லப் புதிதாக எதுவும் இல்லை. அதனால் இந்த அறிக்கையில் பெரும்பகுதி, கண்ணுக்குத் தெரியாத நம் அண்டை வீட்டார் பற்றியது.

சென்ற பொதுக்குழுவில் சிலந்தியின் உறவான மிகச் சிறு உயிர்களாகிய மண் சிலந்திப்பேன்களைப் பார்க்கலாம் என்று நான் சொன்னதும் தென்னை வைத்திருக்கும் உறுப்பினர்கள் முகம் சுளித்தார்கள். நியாயம்தான். 1998இல் கேரளத்தில் கண்டறியப்பட்டு இங்கும் பரவி, காய்களைச் சொரசொரப்பாக்கிச் சிறுக்க வைத்த ஈரியோபைட் சிலந்திப்பேனும் அதே கூட்டம். ஆனால் மண்ணில் இருப்பவை வேறு தொழில் செய்பவை. அவற்றில் ஒரிபேட்டிட் என்ற பிரிவில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவை மட்கும் இலையையும் அதில் படரும் பூஞ்சையையும் தின்று வாழ்பவை.

பார்ப்பதற்குக் கருவி வேண்டும். இத்தாலியரான பெர்லீஸ் 1905இல் செய்த புனல்தான் மூலம். அவர் வெந்நீரால் சூடேற்றினார், பிறகு ஸ்வீடனின் டுல்கிரென் விளக்கை மாட்டினார். நாம் தண்ணீர் கேனின் அடியை வெட்டிக் கவிழ்த்து, உள்ளே வலை வைத்து, சருகைப் பரப்பி, மேலே பல்பு, கீழே ஸ்பிரிட் பாட்டில் என்று அமைத்தோம். மேலிருந்து காயக் காய, ஈரம் தேடிக் கீழே இறங்கும் உயிர்கள் பாட்டிலில் விழ வேண்டும். முதல் இரண்டு இரவும் ஒன்றும் விழவில்லை. காரணம், நாங்கள் மாட்டியது எல்.இ.டி. பல்பு! வெளிச்சம் இருக்கிறது, சூடு எங்கே? குண்டு பல்பைத் தேடி ஊரெல்லாம் அலைந்து, கடைசியில் ஓர் உறுப்பினரின் கோழிப்பண்ணையில், குஞ்சுகளுக்குச் சூடு காட்டும் பல்பை இரவல் வாங்கினோம். அப்புறம் அதையும் மிக அருகில் மாட்டி, இறங்குவதற்குள்ளேயே எல்லாவற்றையும் வறுத்துவிட்டோம். ஒரு சாண் தூக்கிக் கட்டிய பிறகுதான் சரி வந்தது.

சிறுமலை அடிவாரப் புளியமரத்துச் சருகிலிருந்து விழுந்ததை லென்ஸில் பார்த்தபோது யாருக்கும் பேச்சு வரவில்லை. ரவைத் துகளைவிடச் சிறிய, புளியங்கொட்டை நிறத்தில் பளபளக்கும் ஒரிபேட்டிட்கள். அதில் ஒரு வகை, ஊசி முனை பட்டதும் காலையெல்லாம் உள்ளிழுத்து, முன்பகுதியை மூடிபோல் கவிழ்த்துக்கொண்டு, வெறும் உருண்டையாகிவிடும். ஸ்பிரிட் ஊற்றாத பாட்டிலில் இதைப் பார்த்த பள்ளிப் பிள்ளைகள் கால் மணி நேரம் அதை விடவில்லை. வயிற்றுக்கடியில் மடக்கிய கவையைத் தட்டித் துள்ளும் ஸ்பிரிங்டெயில்கள் என்ற சிற்றுயிர்கள் வெள்ளையாகக் கிடந்தன. ஒரு போலித்தேளும் கிடைத்தது: இடுக்கி உண்டு, கொடுக்கு கிடையாது.

சருகை எரித்துக் கூட்டிய காலி மனையில் எடுத்த மண்ணில் ஏறக்குறைய எதுவுமே இல்லை. ஒரே ஒரு முறை எடுத்த மாதிரி என்பதால் இதைப் பெரிய முடிவாக எழுத எனக்குத் தயக்கம். ஆனால் காரணம் புரிகிறது. ஒரிபேட்டிட்கள் முட்டையிடுவது குறைவு, வளர்வதும் மெதுவாகத்தான். உழவிலோ தீயிலோ அழிந்தால் ஸ்பிரிங்டெயில்களைப்போல விரைவில் மீளாது.

எல்லாம் நல்லபிள்ளைகள் என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஆடு வளர்க்கும் உறுப்பினர்கள் கேட்டதால் சொல்கிறேன்: ஆட்டுக்குட்டிகளைப் பிடிக்கும் மோனீசியா நாடாப்புழுவுக்கு இடைத்தங்கல் இந்த ஒரிபேட்டிட்தான். சாணத்தோடு வரும் முட்டையை இது தின்னும், ஈரப் புல்லோடு இதை ஆடு தின்னும். விடிகாலைப் பனியில் இவை புல்லின் மேல் ஏறி நிற்கும். வெயில் ஏறிய பிறகு மேய்க்கச் சொல்வது அதனால்தான்.

ஐப்பசி முதல் மழைக்கு மறுநாள் தம்பலப்பூச்சிகள் வந்தன. சிவப்பு வெல்வெட் போர்த்திய இதுவும் சிலந்திப்பேன் கூட்டம்தான், எட்டுக் காலை எண்ணிப் பார்க்கலாம். இதன் உறவுகளில் ஈசலைத் தின்பவை உண்டு. சங்கப் பாடலில் இதற்கு ‘ஈயல் மூதாய்’ என்று பெயர் இருப்பதைத் தமிழாசிரியரான உறுப்பினர் சொன்னார். ஈயல் என்றால் ஈசல்! பெயர் வந்த காரணம் அதுதானா என்று அவரும் சத்தியம் செய்யவில்லை.

குறைகள்: டிசம்பர் 5 உலக மண் நாளில் எடுத்த மாதிரிகளின் சீட்டுகளைப் பேனாவில் எழுதிவிட்டேன். ஸ்பிரிட்டில் மை கரைந்து, எந்தப் பாட்டில் எந்த இடம் என்றே தெரியவில்லை. தவறு என்னுடையது. இனிப் பென்சில் மட்டுமே. இன வாரியாகப் பிரிக்கவும் முடியவில்லை, அதற்கு நல்ல நுண்ணோக்கி வேண்டும். பழைய ஒன்று விலைக்கு வருகிறது, பொதுக்குழு முடிவு செய்யட்டும். நம் கூட்ட அறைக்குப் பின்னால் சருகு எரிப்பதை நிறுத்தும் தீர்மானத்தையும் முன்மொழிகிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கடைசியாக ஒன்று: பண்ணையில் அடுத்த வாரம் குஞ்சு இறங்குகிறது. அந்தக் குண்டு பல்பை உடையாமல் கொண்டுபோய்க் கொடுக்க ஒருவர் வேண்டும்.

செயலாளர்