வெயில் காயும் இடங்களுக்குக் கிழங்குப் பூச்செடிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை பிறந்தால் எங்கள் ஊர்ப் பூங்காவின் புல்தரைக்கு லாரியில் தண்ணீர் கொண்டுவந்து பாய்ச்சுகிறார்கள். அதே தெருவில் பெண்கள் குடங்களோடு வரிசையில் நிற்கிறார்கள். ஆண்டுதோறும் இதைப் பார்த்து மனம் வருந்துகிறேன். நாள் முழுவதும் வெயில் விழும் இடங்களுக்கு, கோடை முழுக்கத் தண்ணீரே கேட்காத கிழங்குப் பூச்செடிகள் இருக்கும்போது, இந்தச் செலவு எதற்கு?

நம் மாநில மலரான செங்காந்தளையே எடுத்துக்கொள்ளலாம். கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு என்று கிராமங்களில் அழைக்கப்படும் இது, தாராபுரம், மூலனூர் பக்கம் விதைக்காகப் பயிரிடப்பட்டாலும், வேலியோரங்களில் யாரும் நீர் வார்க்காமல் தானே வளர்வது. மழை தொடங்கியதும் முளைத்து, இலை நுனியையே சுருட்டிப் பற்றிக்கொண்டு மேலேறி, ஐப்பசி, கார்த்திகையில் பூக்கிறது. பச்சையாக விரியும் ஆறு இதழ்களும் மஞ்சளாகி, பின்பு நெருப்பாய்ச் சிவந்து மேல்நோக்கி வளைவதை என் வீட்டுக் கம்பிவேலியில் ஒவ்வோர் ஆண்டும் காண்கிறேன். தை மாதத்துக்குப் பின் கொடி காய்ந்துவிடும். செடி செத்ததென்று அப்போது பிடுங்கி எறிபவர்களும், இரக்கப்பட்டுத் தண்ணீர் ஊற்றிக் கிழங்கை அழுகவிடுபவர்களும் உண்டு. உண்மையில் அது மண்ணுக்குள் உறங்குகிறது, ஆனிவரை அதைத் தொடாமல் விடுவதே பராமரிப்பு. கிழங்கின் இரு கைகளின் நுனியில்தான் முளைக்குருத்து இருக்கும். முதல் முறை நான் மண்வெட்டியால் தோண்டி அந்த நுனிகளை ஒடித்துவிட்டதால், அவ்வாண்டு ஒரு கொடிகூட வரவில்லை. இதன் எல்லாப் பாகங்களிலும் கால்ச்சிசின் என்னும் நச்சு இருப்பதால், குழந்தைகளும் ஆடுமாடுகளும் நெருங்கும் இடத்தில் இதை நடவே கூடாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

பூங்காக்களுக்கு ஏற்றது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மழை லில்லி. சின்ன வெங்காயம் அளவுள்ள இதன் கிழங்குகள் என் மொட்டைமாடித் தொட்டியில் சித்திரை வெயில் முழுக்கக் காய்ந்து கிடக்கும். ஒரு கோடைமழை பெய்த சில நாட்களில், தொட்டி நிறைய இளஞ்சிவப்பு மொட்டுகள் ஒரே காலையில் நிமிர்ந்து நிற்கும். இதன் கிழங்கும் உண்ணத் தக்கதல்ல. ஆகவே வெங்காயத்தோடு கலந்துவிடாமல் தனியே வைக்க வேண்டும்.

இவற்றுக்கு உரத்தைவிட வடிகால் முக்கியம். செம்மண்ணோடு பாதிக்குப் பாதி மணல் கலந்து, மழைநீர் தேங்காதபடி பாத்தியைச் சற்று உயர்த்தினால் போதும்.

வரும் ஆடி மழைக்கு முன்பே, சாலை நடுத்திட்டுகளிலும் பூங்காக்களின் வெயில் பகுதிகளிலும் புல்லுக்குப் பதிலாக மழை லில்லியை நடவும், செங்காந்தளை வேலியிட்ட தனிப் பாத்தியில் எச்சரிக்கைப் பலகையோடு வளர்க்கவும் உள்ளாட்சி அமைப்புகள் முன்வர வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சிவகங்கை.