பாப்பாவுக்கு, பெங்களூர் அல்சூர்லேர்ந்து அப்பா

பாப்பா,

நேத்து நைட்டு நீ வீடியோ கால்ல, டாக்டர் பட்டம் முடிச்சதும் ராணுவத்து ஆளுங்க மனசைப் பத்தி போஸ்ட்டாக் பண்ணப் போறேன் (பட்டத்துக்கு அப்புறம் பெரியவங்க கீழ செய்யுற ஆராய்ச்சி வேலை), எங்க சேர்றதுன்னு தான் யோசனைன்னு சொன்னப்ப நான் சரி சரின்னு தலையாட்டிட்டேன், ஆனா நெஜமா பாதி புரியல. காலையில ஏரிக்கரை பக்கம் ஒரு நடை போயிட்டு வந்து இப்போ தான் யோசிச்சு யோசிச்சு டைப் பண்றேன், ஒத்த விரல்ல அடிக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தா திட்டாத.

மொதல்ல அம்மா மேட்டர். "டாக்டர் பட்டம் வாங்கப் போறா, அப்புறம் என்னத்துக்கு மறுபடியும் ரெண்டு வருஷம்"னு நேத்துலேர்ந்து ஒரே பாட்டு. நான் என் பாஷையில சொன்னேன், ரெக்ரூட் ட்ரெயினிங் முடிஞ்சு கசம் பரேட்ல சத்தியம் பண்ணிட்டா சிப்பாய் தான், ஆனா யூனிட்டுக்கு போனவுடனே அவனை நம்பி ஒரு பாலத்தை ஒப்படைக்க மாட்டாங்க, கொஞ்ச நாள் பெரியவங்க பக்கத்துலயே நின்னு செய்யணும், போஸ்ட்டாக்னா அதான்டின்னு. அவ கேட்டுட்டு "அப்போ கல்யாணம்?"னா. அதுக்கு நான் பதில் சொல்லல, அது உங்க ரெண்டு பேர் பார்டர், நான் நடுவுல வரல.

சரி விஷயத்துக்கு வரேன். அமெரிக்காவுல வர்ஜீனியாவுல ஃபோர்ட் பெல்வார்ல இருக்குற அந்த ஆர்மி ரிசர்ச் இன்ஸ்டிட்யூட், சிப்பாய்ங்க மனசு நடத்தையெல்லாம் ஆராயுற இடம், அங்க நேரா உள்ள போகணும்னா சிட்டிசனா இருக்கணும்னு தான் பெரும்பாலும் கேக்குறாங்க, அதனால அவங்க பணம் குடுக்குற யூனிவர்சிட்டி லேப்ல சேரலாம்னு பாக்குற, இல்லைன்னா டெல்லிக்கு வரலாம்னு ஒரு யோசனை. டெல்லி திமார்பூர் டிஐபிஆர் எனக்கு பேர் தெரிஞ்ச இடம் தான், நம்ம பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு டிஆர்டிஓ-வோட சைக்காலஜி லேப். 1943-ல டேராடூன்ல ஆபீசர் எடுக்குறதுக்காக ஆரம்பிச்ச போர்டு தான் வளர்ந்து வளர்ந்து 1982-ல இந்த பேருக்கு வந்துச்சு. ரிசர்ச் அசோசியேட்டுக்கு 2023 ஜனவரிலேர்ந்து மாசம் 58,000 ரூபாயில ஆரம்பிச்சு 67,000 வரைக்கும், அது போக வீட்டு வாடகை. உனக்கு அங்க வர்ற டாலரோட பாத்தா ஒண்ணுமில்ல, ஆனா டெல்லியில ஒரு ஆளுக்கு ஓடிடும். ஒண்ணு மட்டும் கவனிச்சுக்கோ, அது டெம்பரரி. முடிஞ்சதும் பர்மனென்ட்டா எடுத்துப்பாங்கன்னு எவனாவது சொன்னா எழுதிக் குடுங்கன்னு கேளு. அப்புறம் ஆராய்ச்சி பேப்பர். ராணுவத்து டேட்டா எல்லாத்தையும் வெளிய போட விட மாட்டாங்க, உங்க ஃபீல்டுல பேப்பர் இல்லைன்னா ஆளே இல்லைங்கிற, அப்போ சேர்றதுக்கு முன்னாடியே எதை போடலாம் எதை போடக்கூடாதுன்னு கேட்டுக்கோ, வெக்கப்படாத.

அம்மா சொல்றா, எச்ஏஎல் பக்கம் ஏர்ஃபோர்ஸ் மெடிக்கல் இன்ஸ்டிட்யூட் இருக்காமே, பைலட்டுங்க மனசு தூக்கம் எல்லாம் பாப்பாங்களாமே, அதுல ட்ரை பண்ணச் சொல்லுங்கன்னு. அவளுக்கு அது வீட்டுலேர்ந்து ஒரு பஸ்சுல போற தூரம், அவ்ளோதான் கணக்கு.

ஆனா நான் எழுத உக்காந்தது இதுக்கு இல்ல பாப்பா.

நம்ம ஊர்ல கப்பன் ரோட்டுல செலக்‌ஷன் சென்டர் இருக்குல்ல, ஆபீசர் ஆகணும்னு வர்ற பசங்களை அஞ்சு நாள் வெச்சு பிழியுறாங்க. 12 படம் காட்டி கதை எழுதச் சொல்வாங்க, அதுல ஒண்ணு வெறும் வெள்ளை அட்டை, 60 வார்த்தை காட்டி, ஒவ்வொண்ணுக்கும் 15 செகண்டுல மனசுல பட்டதை எழுதச் சொல்வாங்க, அப்புறம் 60 சிச்சுவேஷன் குடுத்து நீ என்ன பண்ணுவேன்னு அரை மணி நேரத்துல எழுதணும். (கோச்சிங் போயி மனப்பாடம் பண்ணிட்டு வர்றவனும் இருக்கான், அது வேற கதை.) வேலூர்ல என்னை எடுத்தப்ப என்ன பண்ணாங்க தெரியுமா, ஓட விட்டாங்க, கம்பியில தொங்க விட்டாங்க, நெஞ்சை டேப் வெச்சு அளந்தாங்க. மனசை யாரும் அளக்கல. அதுக்கப்புறம் 28 வருஷ சர்வீஸ்ல ரெண்டு மூணு தடவை தான் மனசைப் பத்தி கேக்குற ஃபார்ம் கையில வந்துச்சு, அதுல ஒண்ணைப் பத்தி உன்கிட்ட இதுவரைக்கும் சொன்னதில்ல.

அப்போ நான் ஹவால்தார், பத்து பேர் இருந்த ஒரு செக்‌ஷனுக்கு பொறுப்பு, மேல மலையில ஃபீல்டு போஸ்டிங். என் செக்‌ஷன்ல திருநெல்வேலி பக்கத்து பையன் ஒருத்தன், நல்ல வேலைக்காரன், ஊர்ல சித்தப்பா வேலியை தள்ளி போட்டு நெலத்தை அமுக்கிட்டாருன்னு லெட்டர் வந்துச்சு, அப்பா இல்லாத வீடு, அம்மா தனியா. லீவு கேட்டான், ஆள் பத்தலைன்னு ரெண்டு தடவை தள்ளிப்போச்சு. ராத்திரி சென்ட்ரி மாத்த போனா இவன் ட்யூட்டி இல்லாத நேரத்துலயும் முழிச்சு உக்காந்திருப்பான். அந்த சமயத்துல தான் ஃபார்ம் வந்துச்சு, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, மேலதிகாரி மேல நம்பிக்கை இருக்கா, ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் டிக் போடணும். பேர் எழுத வேணாம்னாங்க, ஆனா செக்‌ஷன் வாரியா தான் கட்டி வாங்கினாங்க, பத்து பேர்ல எது யாருதுன்னு தெரியாதா? நான் முன்னாடி நின்னு "டேய் தம்பிங்களா, எல்லாம் நல்லா போடுங்கடா, கம்பெனி பேர் கெட்டுடக் கூடாது"ன்னேன். எல்லாரும் அஞ்சு போட்டாங்க. அவனும் அஞ்சு தான் போட்டான், என்னை ஒரு தடவை நிமிர்ந்து பாத்துட்டு போட்டான்.

ரெண்டு மாசம் கழிச்சு லீவு கெடச்சு போனவன் திரும்பி வரல. ரெக்கார்டுல டெசர்ட்டர்னு, ஓடிப்போனவன்னு ஏறிடுச்சு. அந்த ஃபார்ம் எங்கயாவது ஒரு ஃபைல்ல இருக்கும், யாராவது கூட்டி கழிச்சு அந்த செக்‌ஷன்ல மொரேல் ஹைன்னு எழுதியிருப்பாங்க. அதுல பத்து அஞ்சும் நான் போட்டது தான்.

தர்பார்லயும் அதே கதை தான். சிஓ சாப், அதான் யூனிட்டுக்கு தலைமை ஆபீசர், வந்து எல்லாரையும் உக்கார வெச்சு யாருக்காவது ஏதாவது கஷ்டம் இருக்கான்னு கேப்பாரு, நல்ல மனுஷன், நெஜமா தான் கேப்பாரு. இருநூறு பேர் முன்னாடி எவன் எந்திரிப்பான்? முந்தின நாள் சாயங்காலமே ஜேசிஓ, எங்களுக்கும் ஆபீசருக்கும் நடுவுல இருக்குறவரு, கேட்டு வெச்சு எதை கேக்கணும்னு சொல்லிக் குடுத்திருப்பாரு, கேன்டீன்ல சோப்பு வரலைன்னு ஒருத்தன் கேப்பான், எல்லாரும் சிரிப்போம், முடிஞ்சுது. உன் தம்பி ஐடி கம்பெனியில வருஷத்துக்கு ஒரு தடவை சர்வே லிங்க் வருதாம், பேர் தெரியாதுங்கிறாங்களாம், லிங்க்லயே அவனோட எம்ப்ளாயி நம்பர் இருக்காம். அவனும் எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுட்டு டீ குடிக்க போயிட்டானாம். யூனிஃபார்ம் தான் இல்ல, மத்தபடி ஒண்ணும் மாறல.

நீ ஒரு தடவை சொன்னியே ஸ்டவுஃபர்னு ஒருத்தர், ரெண்டாம் உலகப்போர்ல அமெரிக்க சிப்பாய்ங்க அஞ்சு லட்சத்துக்கும் மேல பேரை கேட்டாருன்னு, அதுல எனக்கு பிடிச்சது ரிசல்ட்டு கூட இல்ல, ஆபீசரை ரூம்லேர்ந்து வெளிய அனுப்பிட்டு சிப்பாயை வெச்சே ஃபார்ம் குடுக்க வெச்சாங்கன்னியே, அது தான். விவரமான ஆள். ரிசல்ட்டும் சரி தான், புரமோஷன் சீக்கிரம் கெடைக்குற ஏர்ஃபோர்ஸ்காரன் தான் பொருமினான், மிலிட்டரி போலீஸ்ல லேட்டா கெடைக்குறவன் பொருமலைங்கிறது, ஏன்னா மனுஷன் பக்கத்துல இருக்குறவனோட தான் தன்னை ஒப்பிட்டுப் பாக்குறான். என் பேட்ச்ல எனக்கு முன்னாடி ஒருத்தன் நாயக் ஆனப்ப ஒரு வாரம் நான் அவன்கூட ஒழுங்கா பேசல, இத்தனைக்கும் ஒரே தட்டுல சாப்பிட்டவங்க.

இதை வெச்சு தான் அக்னிவீர் பசங்களைப் பத்தி எனக்கு ஒரு யோசனை. 2022 ஜூன்ல அறிவிச்சாங்க, சிப்பாயா நாலு வருஷம் தான் வேலை, அப்புறம் அதிகபட்சம் 25 சதவீதம் தான் உள்ள, மிச்சம் பேர் வீட்டுக்கு. நாலு பேர்ல ஒருத்தனுக்கு தான் எடம்னா பக்கத்து பெட்டுல படுத்திருக்கிறவன் நண்பனா போட்டியா? ஒண்ணா பாலம் கட்டும்போது கயிறு வழுக்கினா புடிப்பான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா தனக்கு தெரிஞ்ச முடிச்சை அவனுக்கு சொல்லிக் குடுப்பானா? இந்த கேள்விய அமெரிக்காவுல உக்காந்து கேக்க முடியாது பாப்பா. இங்க வந்தாலும் உள்ள விடுவாங்களான்னு தெரியாது, பெர்மிஷனுக்கே ஒரு வருஷம் போயிடலாம், அதையும் உன் கணக்குல சேத்துக்கோ. டெல்லிக்கு வான்னு நான் சொல்லல. உன் அம்மா அப்படித்தான் படிப்பா, இதை அவகிட்ட காட்டாத.

எங்க சேந்தாலும் கொஸ்டினேர் ரெடி பண்ணா மொதல்ல எனக்கு அனுப்பு, தமிழ்ல போட்டு அனுப்பு. நானும் அல்சூர்ல என்கூட ரிட்டயர் ஆன ரெண்டு மூணு கிழவனுங்களும் உக்காந்து ஃபில் பண்றோம், ஒரு தடவை ஹவால்தார் பக்கத்துல நிக்குற மாதிரி, ஒரு தடவை நிக்காத மாதிரி. எந்த கேள்விக்கு பதில் மாறுதுன்னு நீயே பாத்துக்கோ.

நீ கேட்ட பிரஷர் குக்கர் கேன்டீன்ல வந்துடுச்சு, அஞ்சு லிட்டர் தான் இருக்கு, மூணு லிட்டர் வேணும்னா அடுத்த மாசம் தானாம். எது வேணும்னு சொல்லு.

அப்பா