காக்கியும் ‘காக்கிஸும்’

பாஸ்டன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தம்பிக்கு இந்த ஊரிலேயே வேலை உறுதியானதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அவனுக்கு வந்த பணி நியமனக் கடிதத்தோடு இணைந்த குறிப்பில், அலுவலகத்துக்குக் ‘காக்கிஸ்’ அணிந்து வரலாம் என்றிருப்பதைப் படித்துவிட்டு, “பேருந்துப் பணிமனையில் காலமெல்லாம் நான் காக்கி போட்டது போதாதா, கணினி படித்த பிள்ளைக்கும் அதுதானா?” என்று கேட்டிருக்கிறாய். வாய்விட்டுச் சிரித்தேன் என்றாலும், விரிவாகப் பதில் எழுதத் தகுந்த கேள்விதான் அது.

அமெரிக்கர் ஒருமையில் ‘காக்கி’ என்றால் அது நிறத்தையோ துணியையோ குறிக்கும். ‘காக்கிஸ்’ என்று பன்மையாக்கிவிட்டால், ஜீன்ஸை விடச் சற்று மதிப்பானதும், கோட்டோடு அணியும் கம்பளிக் கால்சட்டையை விட இலகுவானதுமான பருத்திப் பேன்ட்டுக்குப் பெயராகிவிடும். ஒற்றைப் பேன்ட்டையும் பன்மையில்தான் சொல்ல வேண்டும். கடைகளில் கருநீலத்தில் கூடக் ‘காக்கிஸ்’ விற்கிறார்கள் என்றால் நீ நம்பமாட்டாய். நம் ஊரில் போலீஸ்காரரையும் ஆட்டோ ஓட்டுநரையும் நினைவூட்டும் சொல், இங்கே வங்கி ஊழியர் வெள்ளிக்கிழமையன்று டை இல்லாமல் வருவதை நினைவூட்டுகிறது.

சொல் நம் பக்கத்திலிருந்து போனதுதான். பாரசீகத்தில் ‘காக்’ என்றால் புழுதி. அதிலிருந்து உருதுக்கு வந்த ‘காக்கி’ புழுதி நிறத்தைச் சுட்டியது. 1846-இல் பெஷாவரில் ஆங்கிலேய அதிகாரி ஹாரி லம்ஸ்டென் திரட்டிய கைட்ஸ் என்ற படை, எல்லைப்புற மலைகளில் பிரிட்டிஷ் படையின் வழக்கமான சிவப்புச் சட்டை தொலைவிலேயே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், மண்ணோடு மண்ணாகத் தெரியும் இந்த நிறத்தை உடுத்தத் தொடங்கியது. மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பின் நெசவாலையும் காக்கித் துணி நெய்தது. அமெரிக்கப் படையினரோ 1898-இல் ஸ்பெயினோடு நடந்த போரையொட்டித்தான் காக்கிக்கு வந்தார்கள்.

அதே போர் அவர்களைப் பிலிப்பைன்ஸுக்குக் கொண்டுபோனது. இதே வகைப் பேன்ட்டுக்கு வழங்கும் ‘சினோஸ்’ என்ற மற்றொரு பெயரின் கதையை அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். ஸ்பானிய மொழியில் ‘சினோ’ என்றால் சீனர். துணி சீனாவிலிருந்து வந்ததால் அந்தப் பெயர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. அமெரிக்க ஸ்பானிய வழக்கில் அதே சொல்லுக்கு ‘வறுத்த நிறமுள்ளது’ என்றும் பொருளுண்டு, பெயர் அதிலிருந்து வந்தது என்று கொள்ளும் அகராதிகளும் உள்ளன. எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது. காக்கியும் நிறத்தால் பெயர் பெற்றதுதானே. இன்றைய விற்பனையாளர்கள் மெல்லிய துணியில் காலோடு ஒட்டி வருவது சினோஸ் என்றும், கனத்துத் தொளதொளவென்று இருப்பது காக்கிஸ் என்றும் பிரிக்கிறார்கள். பேச்சில் யாரும் அவ்வளவு கறாராக இல்லை. இங்கிலாந்துக்காரர் சினோஸ் என்றே சொல்வார். அவர்களில் பலருக்குக் காக்கி என்பது பச்சை கலந்த நிறம்.

இராணுவ உடை அலுவலகத்துக்குள் வந்த கதை சுவையானது. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு, 1944-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று கல்லூரிக் கல்விக்குப் பணம் கொடுத்தது. பையில் இருந்த காக்கிப் பேன்ட்டோடு அவர்கள் வகுப்பறைக்குப் போனார்கள், மற்ற மாணவர்களும் அதைப் பின்பற்றினார்கள். பிறகு லீவைஸ் நிறுவனம் 1986-இல் டாக்கர்ஸ் என்ற பெயரில் இந்தப் பேன்ட்டுகளைக் கொண்டுவந்தது. 1992-இல் அலுவலகத்தில் இயல்பான உடை எப்படி இருக்கலாம் என்று விளக்கும் சிறு கையேட்டை அச்சிட்டு, சுமார் 25,000 மனிதவள மேலாளர்களுக்கு அனுப்பியது. தம்பிக்கு வந்த குறிப்பும் அந்தக் கையேட்டின் பேரப்பிள்ளைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சரக்கு விற்பவரே விதியையும் எழுதிக் கொடுத்த சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

துணியைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தால் மெல்லிய சாய்வு வரிகள் தெரியும். குறுக்கே ஓடும் ஊடிழை நெடுக்கே ஓடும் பாவிழைகளைக் கடக்கும் இடம் வரிசைக்கு வரிசை ஓரிழை தள்ளிப் போவதால் உண்டாகும் வரிகள் அவை. ஜீன்ஸ் துணியும் இதே டிவில் நெசவுதான்; ஆனால் அதில் பாவுக்கு மட்டும் நீலச் சாயம் ஏற்றுவதால் உட்புறம் வெளுத்திருக்கும். காக்கிஸில் இருபுறமும் ஒரே நிறம். பக்கப் பைகள் சாய்வாக வெட்டியிருக்கும், செப்பு ரிவெட்டுகள் இருக்காது.

இன்னொன்றையும் தம்பியிடம் சொல்லிவை. பாஸ்டனின் பழைய வாசிகள் ‘ர’ ஒலியை விழுங்கிப் பேசுவதால், அவர்கள் வாயில் ‘கார் கீஸ்’ என்பது ‘காக்கீஸ்’ என்றே விழும். ஒருவர் எதையோ தொலைத்துவிட்டுக் காக்கீஸைக் காணவில்லை என்று பதறினால், அவர் தேடுவது கார்ச் சாவியை.

ஊரிலேயே தைப்பதானால், துணிக்கடையில் காக்கி என்று மட்டும் கேட்டுவிடாதே. கடைக்காரர் சீருடைக்கான டெரிகாட்டனை எடுத்துப் போட்டுவிடுவார். தூய பருத்தி டிவிலில் பிஸ்கட் கலர் என்று கேள். முன்பக்க மடிப்பு வேண்டாம், கஞ்சியும் வேண்டாம். இரண்டு தைத்தால் போதும். குளிர்காலத்துக்குக் கனமானவற்றை இங்கே வந்தபின் வாங்கிக்கொள்ளலாம். அவன் புறப்படும் தேதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்