கொலையாளியைக் கொலையாளி என்றே எழுதுங்கள்

மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர்களுக்கும், தொலைக்காட்சிகளில் குற்றச் செய்தி தயாரிப்பவர்களுக்கும், யூடியூபில் கொலைக் கதை சொல்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். காலை எட்டு மணிக்கு உங்கள் பேப்பர்களைக் கட்டுப் பிரித்து மேஜையில் வைப்பவள் நான்தான். போன மாதம் எங்கள் பக்கத்தில் தனியாக இருந்த வயதான பெண்கள் இரண்டு பேர் அடுத்தடுத்த வாரங்களில் கொல்லப்பட்டார்கள். எந்தக் கொலைகள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "சைக்கோ கொலையாளி நடமாட்டமா? பீதியில் மக்கள்" என்று பெரிய எழுத்தில் போட்டவர்கள் நீங்கள். ஒரே நாளில் நான்கு பேப்பர்களில் அந்தச் சொல் இருந்தது. டிவியில் கீழே ஓடிக்கொண்டே இருந்தது. அப்போது போலீஸ் யாரையும் பிடிக்கவில்லை. யார் செய்தார், எதற்காகச் செய்தார் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் செய்தவர் "சைக்கோ" என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருந்தது.

ஐந்தாம் நாள் பிடித்தார்கள். கடன் தொல்லையில் இருந்த ஒருவர், இரண்டு வீட்டுக்கும் பழக்கமானவர், நகைக்காகச் செய்திருக்கிறார் என்று போலீஸ் சொன்னது. அந்தச் செய்தி உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தியில் வந்தது. முந்தைய நான்கு நாட்கள் எழுதியது தவறு என்று ஒரு வரிகூட வரவில்லை.

என் தம்பிக்கு 44 வயது. 23 வயதில் அவனுக்கு மனச்சிதைவு நோய் வந்தது. மாதம் ஒரு ஊசி, ராத்திரி இரண்டு மாத்திரை. இந்த 21 வருடத்தில் அவன் யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருமுனை டீக்கடைக்குப் போவான். ஒரு டீ, அங்கே கிடக்கிற பேப்பர், அரை மணி நேரம். வீட்டுக்கு வெளியே அவனுக்கு இருந்த உலகம் அவ்வளவுதான். அதைப் பழக்கப்படுத்த எங்களுக்கு ஆறு வருடம் ஆயிற்று.

உங்கள் தலைப்பு வந்த மூன்றாம் நாள் டீக்கடைக்காரர் என்னை நிறுத்தினார். "நான் ஒண்ணும் நினைக்கலம்மா. வர்றவங்கதான் ஒரு மாதிரி பேசுறாங்க. ஒரு பத்து நாளைக்குத் தம்பிய வர வேணாம்னு சொல்லுங்க" என்றார். நல்ல மனிதர். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அன்று ராத்திரி நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. தம்பி சாப்பிடவில்லை. பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தான். பதினொரு மணிக்கு என் கதவைத் தட்டி, "அக்கா, அது நானாக்கா?" என்று கேட்டான். எனக்கு முதலில் புரியவில்லை. பேப்பரை விரித்து அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தான். தெருப்பிள்ளைகள் அவனைக் கூப்பிடுகிற அதே சொல். "எனக்கு ஞாபகம் இல்லாம நான் போய்ச் செஞ்சிருப்பேனாக்கா?" என்றான். அன்றைக்கு அவன் வீட்டில்தான் இருந்தான் என்று எத்தனை முறை சொல்லியும் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. கடைசியில், "ராத்திரி என் ரூமை வெளியே தாழ் போட்டுடுக்கா. நான் எழுந்து போகாம இருக்கட்டும்" என்றான். போட மாட்டேன் என்றேன். அழுதான். போட்டேன்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகத்தில், சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் செத்தார்கள். ஓடக்கூட முடியவில்லை அவர்களால். தம்பிக்கு நோய் வந்தபோது அந்தச் செய்தியை நினைத்து, என் தம்பியை எந்தக் காலத்திலும் பூட்டி வைக்க மாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்திருந்தேன். கொலைச் செய்தியில் நீங்கள் போட்ட ஒரு சொல்லால் அந்தத் தாழை என் கையாலேயே போட்டேன்.

ஆகவே என் கோரிக்கை இது ஒன்றுதான். கொலைச் செய்தியில் "சைக்கோ" என்று எழுதாதீர்கள். கொலையாளி என்று எழுதுங்கள். வெவ்வேறு சமயங்களில் ஒன்றுக்கு மேல் கொலை செய்தவர் என்றால் தொடர் கொலையாளி என்று எழுதுங்கள். தமிழில் சொல் இருக்கிறது.

நோய் வந்த புதிதில் நானும் பயந்தவள்தான். இவனும் அப்படி ஆகிவிடுவானோ என்ற பயத்தில்தான் தொடர் கொலையாளிகளைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தேன். நூலகத்தில் இருப்பதால் புத்தகத்துக்குப் பஞ்சம் இல்லை. வாசிக்க வாசிக்கப் பயம் போயிற்று, கோபம் வந்தது. இரண்டு வெவ்வேறு விஷயங்களை நீங்கள் ஒரே சொல்லில் அடைக்கிறீர்கள். "சைக்கோசிஸ்" என்பது ஒரு நோய் நிலை; என் தம்பியின் மனச்சிதைவு இந்த வகை. இல்லாத குரல் கேட்கும், நடக்காதது நடந்ததாகத் தோன்றும், உலகமே தன்னைப் பற்றிப் பேசுவதாகப் படும். மருந்தால் பெருமளவு கட்டுப்படும். "சைக்கோபதி" என்பது வேறு. குரலும் கேட்காது, குழப்பமும் இருக்காது. செய்வது என்ன என்று நன்றாகத் தெரியும். அடுத்தவர் வலி உள்ளே போய்ச் சேராது, செய்ததற்கு வருத்தம் வராது. கனடாவைச் சேர்ந்த ராபர்ட் ஹேர் இதை அளக்க 20 கூறுகள் கொண்ட ஒரு பட்டியல் வைத்தார். குற்ற உணர்வு இல்லாமை, கூசாமல் பொய் சொல்வது, பிறரை ஆட்டிவைப்பது எல்லாம் அதில் வரும். செய்யாத கொலைக்காக ராத்திரி முழுக்கத் துடித்தவனுக்கும், செய்த கொலைக்குத் துளியும் வருந்தாதவனுக்கும் உங்களிடம் ஒரே பெயர்தான் இருக்கிறது.

இங்கிலாந்தின் ஹெரால்ட் ஷிப்மேனை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர். நோயாளிகள் அவர்மேல் அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்தார்கள். 2000-ல் 15 கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டார். பிறகு நடந்த அரசு விசாரணை, அவர் கொன்றவர்கள் சுமார் 250 பேர் இருக்கலாம் என்றது. அவருக்கு 17 வயதாக இருந்தபோது அம்மா புற்றுநோயில் வீட்டில் கிடந்து செத்தார். டாக்டர் வந்து மார்ஃபின் ஊசி போட்டதும் அம்மாவின் வலி அடங்கியதைப் பையன் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் அவர் கொன்றதும் அதே வகை ஊசியால்தான். இதைக் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் அம்மா அப்படிச் சாவதைப் பார்த்த பிள்ளைகள் உலகில் எத்தனை லட்சம்? அவர்களில் எத்தனையோ பேர் நல்ல டாக்டர்களாகவும் நர்சுகளாகவும் ஆகியிருக்கிறார்கள்.

கர்நாடகத்தின் "சயனைடு" மோகன் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஒவ்வொரு பெண்ணிடமும் ஒவ்வொரு பெயர் சொல்லி, கல்யாண ஆசை காட்டி வெளியூர் விடுதிக்குக் கூட்டிப்போவார். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் கருத்தடை மாத்திரை என்று சயனைடைக் கொடுத்து, கழிப்பறையில் போய்ச் சாப்பிடச் சொல்வார். பிறகு விடுதிக்குத் திரும்பி நகைகளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். 20 பெண்களைக் கொன்றதாக வழக்குகள். இத்தனை திட்டம் போடத் தெளிந்த மூளை வேண்டும். மருந்தை நிறுத்திய வாரங்களில் என் தம்பியால் செருப்பைக்கூட ஜோடி சேர்த்துப் போட முடியாது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மறைத்தால் நான் நியாயமாக எழுதியவள் ஆக மாட்டேன். பம்பாயின் ராமன் ராகவ். 1960-களில் நடைபாதையிலும் குடிசையிலும் தூங்கிக்கொண்டிருந்தவர்களை அடித்துக் கொன்றவர். 1968 ஆகஸ்டில் பிடிபட்டார். தூக்குத் தண்டனை கிடைத்தது. பிறகு உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் மூன்று மனநல மருத்துவர்கள் அவரோடு பலமுறை பேசிப் பார்த்தார்கள். சட்டத்தின் உலகம் ஒன்று, இந்த உலகம் ஒன்று என்று இரண்டு உலகங்கள் இருப்பதாக அவர் நம்பினார். தன்னைப் பெண்ணாக மாற்றச் சதி நடக்கிறது என்று நம்பினார். முற்றிய மனச்சிதைவு என்று மருத்துவர்கள் சொன்னார்கள். தண்டனை ஆயுள் சிறையாகக் குறைந்தது, 1995-ல் இறந்தார். ஆக, மனச்சிதைவு நோயாளி தொடர் கொலை செய்ததே இல்லையா என்றால், செய்திருக்கிறார். ஆனால் அவர் வருடக்கணக்கில் மருந்தில்லாமல், ஆளில்லாமல் தெருவில் கிடந்தவர். மருந்து நின்று குடியும் சேர்ந்தால் வன்முறைக்கான வாய்ப்பு கூடுகிறது என்று மருத்துவர்கள் எனக்கும் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் ஊசித் தேதி தவறாமல் பார்த்துக்கொள்கிறேன். உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. எங்கள் நூலகத்தின் உறுப்பினர்கள் மட்டும் சுமார் 2,000 பேர். அந்தக் கணக்குக்கு ஆறேழு வீடுகளில் என் தம்பி மாதிரி ஒருவர் இருப்பார். அவர்கள் கையால் அடுத்தவர் சாவது அபூர்வம். நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் தற்கொலை செய்துகொண்டு போகிறார்கள். எனக்கு இருக்கிற பயம் அதுதான்.

யூடியூபர்களிடம் தனியாக ஒன்று. "இந்த மூன்று அறிகுறி இருந்தால் உங்கள் குழந்தை சீரியல் கில்லர் ஆகலாம்" என்று வீடியோ போடுகிறீர்கள். படுக்கையில் மூத்திரம் போவது, தீ வைப்பது, பிராணிகளை வதைப்பது. ஜான் மெக்டொனால்ட் என்ற மனநல மருத்துவர் 1963-ல், கொன்றுவிடுவேன் என்று மிரட்டிய நோயாளிகளைப் பற்றி எழுதியபோது சொன்னவை இவை. வருங்காலக் கொலையாளியைக் கண்டுபிடிக்கும் சோதனையாக இது நிற்கவில்லை என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. படுக்கையை நனைப்பதற்கும் கொலைக்கும் ஒரு தொடர்பும் நிரூபணம் ஆகவில்லை. பிராணிகளைத் தொடர்ந்து வதைக்கிற பிள்ளையைக் கவனிக்கத்தான் வேண்டும். பல நேரம் அந்தப் பிள்ளையே வீட்டில் அடிவாங்கிக்கொண்டிருக்கும். ஆனால் உங்கள் வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு தாய், இரண்டாம் வகுப்புப் பையனைக் கூட்டிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். "இன்னும் பாய நனைக்கிறான் மேடம், இவன் அப்படி ஆயிடுவானா?" என்றார். அந்தப் பையனின் தொடையில் சூடு போட்ட தழும்பு இருந்தது.

இப்படிப்பட்ட தழும்புகளைப் பற்றித்தான் நீங்கள் நிறையப் பேச வேண்டும். அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. ஆட்கள் சிறையில் இருந்த 36 கொலையாளிகளிடம் பேசியபோது, பலருடைய சின்ன வயதில் அடியும் அவமானமும் புறக்கணிப்பும் இருந்தன. தலையில் அடிபட்டவர்களும், சிறு வயதிலேயே யாரோடும் ஒட்டாமல் வன்முறைக் கற்பனையிலேயே ஊறிப்போனவர்களும் தொடர் கொலையாளிகளின் வரலாறுகளில் அடிக்கடி வருகிறார்கள். பிறவியிலேயே பயமும் இரக்கமும் குறைவாக இருப்பதும் சேரலாம். ஒரே ஒரு காரணத்தைப் பிடித்து இதுதான் என்று சொல்ல முடிவதில்லை. இவையெல்லாம் சிறையிலிருந்து பின்னோக்கிப் பார்த்த கணக்கு என்பதையும் மறக்கக் கூடாது. அதே அடியை வாங்கி வளர்ந்து, யாரையும் கொல்லாமல் பஸ் ஓட்டிக்கொண்டும் பாடம் நடத்திக்கொண்டும் இருப்பவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை. ஒரு பிள்ளை அடிவாங்கும்போது தடுக்க என்ன இருக்கிறது, பள்ளியில் மனநல ஆலோசகர் இருக்கிறாரா என்று கேட்டு ஒரு தொடர் எழுதுங்கள். நூலகத்தில் அதை வெட்டி ஒட்டுவேன்.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. ஒரு ஊசிக்கு நாங்கள் மாதாமாதம் அதிகாலை பஸ் ஏறுகிறோம். சில மாதம் மருந்து வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்கிறார்கள். மனநோயாளிக்கு அடுத்த வாரம் என்றால் என்ன என்று அதைச் சொல்பவருக்குத் தெரியுமா? வரிசையில் நிற்கிறவர்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறார்கள். 1794-ல் தொடங்கிய மனநல மருத்துவமனை இருக்கும் "கீழ்ப்பாக்கம்" என்ற இடத்தின் பெயரே நம் ஊரில் வசைச்சொல் ஆகிவிட்டது. சரி, அது வேறு மடல். இது உங்களுக்கு எழுதுவது.

சட்டமும் உங்களுக்குத் தெரியும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ தகவலையோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குத் தரக் கூடாது என்கிறது. மனநோய் பற்றிய செய்திகளுக்கு இந்தியப் பத்திரிகை கவுன்சில் 2019-ல் வழிகாட்டுதல் கொடுத்தது. தற்கொலைச் செய்திக்குக் கீழே உதவி எண் போடப் பழகிவிட்டீர்கள். அதற்கு மனதார நன்றி. முன்பு அதுவும் இல்லை, சொல்லச் சொல்லத்தான் வந்தது. அதனால்தான் இதையும் கேட்கிறேன்.

கொலைச் செய்தியில் "சைக்கோ" வேண்டாம். போலீஸ் அதிகாரி வாய்தவறிச் சொன்னாலும் தலைப்பில் போடாதீர்கள். கைதானவருக்கு மனநோய் உண்டா என்பதை மருத்துவர் சொல்லட்டும், அதுவரை எழுத வேண்டாம். தவறாக எழுதிவிட்டால், எழுதிய அதே பக்கத்தில் திருத்தம் போடுங்கள். மனநோய் பற்றிய செய்தி வரும்போது 14416 என்ற டெலிமானஸ் எண்ணையும் (அரசின் மனநல உதவி எண்) சேர்த்துப் போடுங்கள்.

என் தம்பி இன்னும் டீக்கடைக்குப் போகவில்லை. நான் பிளாஸ்க்கில் வாங்கி வந்து கொடுக்கிறேன். பேப்பர் கேட்கிறான். முதலில் நான் எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன், இரண்டு நாள் கொடுக்காமலும் இருந்தேன். பிறர் படிக்கட்டும் என்று 26 வருடமாகப் பேப்பர் எடுத்து வைப்பவள், சொந்தத் தம்பிக்குப் பேப்பரை ஒளித்து வைத்தேன். அந்த நிலை எனக்கு வேண்டாம். தயவுசெய்து அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
ஒரு கிளை நூலகர்