செயலாளரின் ஆண்டறிக்கை 2025–26: பாட்டும் குரலும் யாருடையது

நம் நாட்டுப்புறக் கலைஞர்கள் சங்கத்தின் தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கமிருந்தும் காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை பக்கமிருந்தும் காலையிலேயே பஸ் பிடித்து வந்திருக்கிற கலைஞர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதம் ஒருமுறை கூடியது. சித்திரை, வைகாசி இரண்டு மாதம் மட்டும் கூடவில்லை, அக்னி வசந்த விழாவும் பாரதக் கூத்தும் நடக்கிற நேரத்தில் ஜமாவை, அதாவது கூத்துக் குழுவை, விட்டுவிட்டு யாரும் கூட்டத்துக்கு வர முடியாது. நலவாரிய அட்டை புதுப்பிக்க வேண்டியவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். வரவு செலவை பொருளாளர் தனியாக வாசிப்பார். முகவீணை வாசித்த நம் மூத்த உறுப்பினர் ஒருவர் ஐப்பசியில் தவறிப்போனார். ஐம்பது வருஷத்துக்கு மேல் வாசித்தவர், அவர் வாசிப்பு இன்று நம் கையில் யாரோ செல்போனில் எடுத்த பதினோரு நிமிஷமாகத்தான் இருக்கிறது, அதிலும் பாதி நேரம் ஜெனரேட்டர் சத்தம். இதை நினைக்க நினைக்க எனக்கு மனசு ஆறவில்லை.

சரி, இந்த வருஷம் சங்கத்தின் நேரம் பெரும்பாலும் எங்கே போனது என்றால், செயற்கை நுண்ணறிவு (ஏஐ) விஷயத்தில்தான். நமக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று போன ஆண்டுக் கூட்டத்தில் சிலர் கேட்டீர்கள். என்ன சம்பந்தம் என்று ஆவணியில் தெரிந்தது.

பாப்பாரப்பட்டி பக்கத்தில் பம்பை அடித்து உடுக்கைப் பாட்டும் பாடுகிற நம் உறுப்பினர் ஒருவர் போன் பண்ணினார். யாரோ இரண்டு பையன்கள் வந்து, நாலு மணி நேரம் பாடினால் மூவாயிரம் ரூபாய் தருகிறோம் என்றார்களாம். இரண்டு மணி நேரம் பாடிவிட்டார், கையெழுத்துப் போடச் சொல்லும்போதுதான் அவருக்கு ஒரு யோசனை வந்து என்னைக் கூப்பிட்டார். நான் போய்ச் சேரும்போது பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அந்தக் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார். ஆறு பக்கம், எல்லாம் ஆங்கிலம். மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்ததை அவருக்குத் தமிழில் சொன்னேன்: இவர் பாடிய எல்லாவற்றையும், இப்போது இருக்கிற, இனிமேல் வரப்போகிற எல்லாத் தொழில்நுட்பத்திலும், இயந்திரங்களுக்குப் பயிற்சி கொடுப்பது உட்பட, உலகம் முழுக்க, காலவரையறை இல்லாமல் பயன்படுத்திக்கொள்ளலாம், அதற்கு மேல் எந்தப் பணமும் கேட்கக் கூடாது.

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ என் தொண்டையை வாங்கிட்டுப் போறாங்களா தம்பி?" என்று கேட்டார்.

என்னென்ன பாடச் சொன்னார்கள் என்று விசாரித்தேன். முதலில் அம்மன் அழைப்பு, பிறகு ஒரு தாலாட்டு. அதோடு விட்டிருந்தால் ஏதோ நாட்டுப்புறப் பாட்டு சேகரிக்கிறார்கள் என்று நினைத்திருப்பேன். அதற்கப்புறம் பாட்டே இல்லாமல் ஆ, ஈ, ஊ என்று தாழ்ந்த சுருதியிலிருந்து உச்சம் வரை இழுக்கச் சொல்லியிருக்கிறார்கள், ஒரே வரியை அழுகிற மாதிரி, கோபப்படுகிற மாதிரி, மெதுவாக, வேகமாக என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்திருக்கிறார்கள். பாட்டு கேட்கிற ஆளுக்கு அது எதற்கு? குரலையே வார்த்தெடுக்கிறவனுக்குத்தான் அது வேண்டும். அவர் கையெழுத்துப் போடவில்லை, பணமும் வாங்கவில்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரப் பதிவு அவர்களிடம் இருக்கிறது. அழித்துவிடச் சொல்லி சங்கத்தின் பெயரில் இரண்டு தடவை பதிவுத் தபால் அனுப்பினோம். பதில் இல்லை.

அழிக்கச் சொல்வதில் ஏன் இவ்வளவு அவசரம் காட்டினோம் என்றால், இந்த இயந்திரங்கள் கற்றுக்கொள்கிற விதம் அப்படி. ஆயிரக்கணக்கான மணி நேரப் பாட்டை உள்ளே விடுகிறார்கள், அது ஒலியைச் சின்னச் சின்ன எண்களாக உடைத்து, எந்த ஒலிக்குப் பின் எந்த ஒலி வரும் என்று கணக்குப் போட்டுப் பழகுகிறது. பழகி முடித்த பிறகு நம் பாட்டை மட்டும் தனியாக எடு என்றால் எடுக்க முடியாது, மாவில் கரைத்த உப்பு மாதிரி. அதனால் கேட்க வேண்டியதை உள்ளே போகும் முன்பே கேட்டாக வேண்டும்.

இதற்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று தர்மபுரி நீதிமன்றத்தில் வழக்காடும் வழக்கறிஞர் ஒருவரை வைத்து கார்த்திகையில் ஒருநாள் வகுப்பு நடத்தினோம். நாற்பது பேர் உட்காரும் இடத்தில் அறுபது பேர் வந்தீர்கள், அதற்கு நன்றி. வராதவர்களுக்காக முக்கியமானதை இங்கே சொல்கிறேன்.

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் அவர் ஆயுள் முழுக்கவும், இறந்த பிறகு 60 வருஷமும் உரிமை உண்டு. மேடையில் பாடுகிறவர், வாசிக்கிறவர், ஆடுகிறவர் எல்லோருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக ஒன்று இருக்கிறது, அது 50 வருஷம். அவர் அனுமதி இல்லாமல் பதிவு செய்யக் கூடாது, பாடியவர் இன்னார் என்று பெயர் சொல்ல வேண்டும், அவர் பெயர் கெடும்படி அதைச் சிதைக்கக் கூடாது. பரம்பரையாக வருகிற கர்ண மோட்சக் கூத்தின் பாட்டுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது, அது ஊருக்குப் பொது. ஆனால் அதற்கு நம் வாத்தியார் புதிதாகக் கட்டிய விருத்தம், தரு என்கிற கூத்துப் பாட்டுகள் அவருடையவை. அதை விடிய விடிய நின்று பாடினவருக்கும் தான் பாடியதில் உரிமை இருக்கிறது. நம்மில் பலர் "இது பழைய பாட்டுதானே, நமக்கு என்ன உரிமை" என்று நினைத்துக்கொண்டிருந்தோம், நானும்தான்.

வகுப்பிலேயே எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் ஒன்று உண்டு. 2012-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது 18-ஆம் பிரிவில் ஒரு வரி சேர்த்தார்கள். ஒப்பந்தம் போட்ட காலத்தில் புழக்கத்தில் இல்லாத ஒரு புது ஊடகத்துக்கோ புது வழிக்கோ அந்த ஒப்பந்தம் செல்லாது, அதைப் பெயர் சொல்லி எழுதியிருந்தால் தவிர. சிடி போடுகிறோம் என்று 2013-ல் உங்கள் பாட்டை எழுதி வாங்கினவர் அந்தக் காகிதத்தைக் காட்டி இன்று ஏஐ பயிற்சிக்கும் இது பொருந்தும் என்று சொன்னால், எந்த வரியில் அப்படி எழுதியிருக்கிறது காட்டுங்கள் என்று நாம் கேட்கலாம். இப்போது வருகிற காகிதங்களில் பயிற்சி என்ற வார்த்தையை ஏன் தேடித்தேடி எழுதுகிறார்கள் என்பதும் இதிலேயே புரிகிறது. அப்புறம் 19-ஆம் பிரிவு: எத்தனை வருஷத்துக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லை என்றால் 5 வருஷம்தான், எந்த நாடு என்று எழுதவில்லை என்றால் இந்தியா மட்டும்தான். ஆகவே வீட்டில் பெட்டியில் கிடக்கிற பழைய ஒப்பந்தத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எடுத்துக்கொண்டு வாருங்கள்.

ஒரு ஓட்டையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குரல் என்பது இந்தச் சட்டத்தின் கண்ணில் ஒரு படைப்பு அல்ல. பதிவைத் திருடினால் கேட்கலாம், அதே மாதிரிக் குரலில் இயந்திரம் புதிதாகப் பாடினால் பதிப்புரிமைச் சட்டம் மட்டும் போதாது. பாடகர் அரிஜித் சிங் 2024-ல் பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குப் போனபோது, அவர் குரலைப் போலி செய்யும் கருவிகளுக்கு எதிராக இடைக்காலத் தடை கிடைத்தது, ஆளுமை உரிமை, அதாவது தன் பெயர், முகம், குரல் மேல் ஒருவருக்கு இருக்கிற உரிமை என்ற வழியில். அவ்வளவு பெரிய பாடகருக்கு அது முடிந்தது. உடுக்கைப் பாட்டுக்காரர் பம்பாய் வரை போக முடியுமா என்று கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

வெளியே நடப்பதையும் கொஞ்சம் பார்த்துவைப்போம். 2024 ஜூனில் அமெரிக்காவில் யுனிவர்சல், சோனி, வார்னர் மூன்று பெரிய இசை நிறுவனங்களும் சூனோ, யூடியோ என்ற பாட்டு செய்யும் ஏஐ நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டன. அடுத்த வருஷமே யுனிவர்சல் யூடியோவோடும், வார்னர் இரண்டோடும் சமரசம் செய்துகொண்டன. 2025 நவம்பரில் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம், பாடல் வரிகளை மனப்பாடமாகத் திருப்பிச் சொல்கிற அளவுக்குப் பயிற்சி பெற்ற இயந்திரத்துக்குள் வைத்திருப்பது உரிமை மீறல்தான் என்று சாட்ஜிபிடியை நடத்துகிற ஓபன்ஏஐ நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கைப் போட்டது கெமா என்கிற அங்கத்திய இசைக் கலைஞர்களின் சங்கம். சங்கம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இங்கே டெல்லி உயர்நீதிமன்றத்தில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் ஓபன்ஏஐ மேல் 2024 நவம்பரில் வழக்குப் போட்டது, 2025 பிப்ரவரியில் இசை நிறுவனங்களும் அதில் சேர மனுக் கொடுத்தன.

2025 டிசம்பரில் மத்திய அரசின் தொழில் மேம்பாட்டுத் துறை ஒரு ஆலோசனை அறிக்கை வெளியிட்டது. சட்டப்படி கிடைக்கிற எந்தப் படைப்பையும் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள ஏஐ நிறுவனங்களுக்கு மொத்தமாக ஒரே உரிமம், அதற்கு ராயல்டி கட்ட வேண்டும், ஒரு பொது அமைப்பு அதை வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் என்பது திட்டம். பணம் வருவது நல்லதுதான். ஆனால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை படைப்பாளிக்கு அதில் இல்லை. அம்மனை அழைக்கிற பாட்டைக் காசு கொடுத்தாலும் இயந்திரத்துக்குத் தர மாட்டேன் என்று ஒரு பூசாரி சொன்னால், அதற்கு அங்கே இடமில்லை. எனக்கு இது சரியாகப் படவில்லை. மறுக்கும் உரிமை வேண்டும், எழுத்தில் பதிவாகாத கலைகளுக்கும் பங்கு வேண்டும் என்று இரண்டு கோரிக்கையோடு சங்கம் கருத்து எழுதி அனுப்பியது. கையெழுத்துப் போட்ட, கைநாட்டு வைத்த எல்லோருக்கும் நன்றி.

நமக்குள்ளேயே இதில் ஒரே கருத்து இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன். ஓசூரில் வேலை பார்க்கிற நம் இளைஞர் ஒருவர் ஏஐ வைத்துப் பின்னணி இசை செய்கிறார். ஸ்டுடியோவுக்குக் கொடுக்கக் காசில்லாதவனுக்கு இதுதானே வழி என்று தை மாதக் கூட்டத்தில் கேட்டார், அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பேசிப் பேசிக் கடைசியில் ஒரு தீர்மானத்துக்கு வந்தோம்: கருவியை நாம் எதிர்க்கவில்லை. ஒருவர் பாட்டையோ குரலையோ எடுப்பதற்கு முன்னால் அவரைக் கேட்க வேண்டும், பெயர் சொல்ல வேண்டும், பணம் கொடுக்க வேண்டும். இது நடக்காத காரியம் இல்லை. 2024-ல் ஏ.ஆர்.ரகுமான், மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏஐ மூலம் ஒரு சினிமாப் பாட்டில் கொண்டுவந்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, அதற்குரிய பணமும் கொடுத்துத்தான் செய்ததாகச் சொன்னார்.

இனி சங்கம் கையில் எடுத்த வேலை. ராயல்டி கேட்டாலும் சரி, கோர்ட்டுக்குப் போனாலும் சரி, இது என் பாட்டு என்று காட்ட ஏதாவது வேண்டும். நம்மிடம் இருப்பதெல்லாம் நெஞ்சுக்குள் இருக்கிறது. பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் உரிமை என்று சட்டம் சொல்லவில்லை, ஆனாலும் அந்தப் பதிவு நல்ல சாட்சி. ஒரு பாட்டுக்கு 500 ரூபாய் கட்டணம், ஒலிப்பதிவாக என்றால் 2000. இந்த வருஷம் நம் உறுப்பினர்கள் சொந்தமாகக் கட்டிய ஏழு பாட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறோம், விண்ணப்பத்துக்கான டைரி எண் வந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் பணம் கட்ட நம்மால் முடியாது, அதனால் மற்றவற்றை எழுதி, தேதி போட்டு, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு சங்கத்தில் வைக்கிறோம்.

அப்படித்தான் வாத்தியாரின் கூத்து நோட்டை நகலெடுக்க ஆரம்பித்தோம். நீள வாக்கில் கட்டின கணக்கு நோட்டு, முதல் பக்கத்தில் மஞ்சள் தடவி பிள்ளையார் சுழி, ஓரங்கள் கரையான் அரித்து உதிர்கின்றன. நடுவில் சில இடங்களில் எழுத்து மங்கி வரி பாதியில் நிற்கும், அங்கே வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் தட்டிப் பாடிப் பார்த்து மீதியைச் சொல்கிறார், நம் பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள். தான் கட்டிய வரி எது, தன் குருவிடம் கேட்ட வரி எது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்கிறார். சிவப்புப் பேனாவில் அவருடையது, நீலத்தில் குருவினுடையது. இதுவரை எழுபது பக்கம் முடிந்திருக்கிறது, இன்னும் நாற்பது சொச்சம் பாக்கி. வாத்தியாருக்கு எண்பத்திரண்டு வயது.

உறுப்பினர்களிடம் மூன்று வேண்டுகோள். யார் பதிவு செய்ய வந்தாலும் காகிதத்தைச் செல்போனில் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு, நான் கூப்பிட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள், நடுராத்திரி ஆனாலும் பரவாயில்லை. திருவிழாவில் உங்கள் கூத்தை யாராவது படம்பிடித்து ஏற்றினால் கலைஞர் பெயரும் ஊர் பெயரும் போடச் சொல்லி அங்கேயே கேளுங்கள். வீட்டில் பழைய கேசட் இருந்தால் கொடுத்துதவுங்கள், நகல் எடுத்துத் திருப்பித் தந்துவிடுவோம். கேசட் பிளேயர் ஒழுங்காக ஓடுகிற நிலையில் யாரிடமாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள், சங்கத்தில் இருந்தது பங்குனியில் பழுதாகிவிட்டது, முகவீணைப் பெரியவர் வீட்டிலிருந்து நாலு கேசட் வந்திருக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்று இன்னும் கேட்க முடியவில்லை.