தட்டைக் குறை சொல்லாதீர்கள், அதை வெட்டி எறிபவர்களைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இரவு வேளைகளில் கார்கள் எழுப்பும் இரைச்சலைக் கண்டித்து வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தை உங்கள் இதழில் படித்தேன். அவருடைய கோபம் நியாயமானதே. ஹிக்கின்சன் நெடுஞ்சாலையை ஒட்டிக் குடியிருக்கும் எவரும் அதை ஒப்புக்கொள்வார்கள். ஆனால், புகைக்குழாயில் ‘ஃபிளாப் வால்வு’ (புகையின் வழியைத் திறந்து மூடும் தட்டு) உள்ள கார்களையெல்லாம் தடை செய்ய வேண்டும் என்று அவர் முடித்திருப்பது பொருந்தாது. தூக்கத்தைக் கெடுப்பவை அந்த வால்வு ஒழுங்காக வேலை செய்யும் கார்கள் அல்ல. அதை வேலை செய்யவிடாமல் ஆக்கிய கார்களே. இதே ஊரில் சைலன்சர் வேலை செய்து பிழைப்பவன் என்பதால் இதைச் சற்று விளக்க விரும்புகிறேன்.

நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும்போது நொடிக்கு ஏறத்தாழ 67 முறை எரிபொருள் வெடிக்கிறது. அந்த 67 ஹெர்ட்ஸ் அதிர்வு கனத்த ரீங்காரமாகக் காருக்குள் நிறைந்து, நெடுந்தூரப் பயணத்தில் தலைவலியைக் கொடுக்கும். இத்தகைய தாழ்ந்த ஒலி வீட்டுச் சுவரையும் எளிதில் கடந்துவிடும். அதை அடக்க வேண்டுமானால் புகையைச் சைலன்சரின் அறைகளுக்குள் சுற்றிவரச் செய்ய வேண்டும். எஞ்சின் முழு வலுவையும் காட்ட வேண்டிய நேரத்திலோ புகை தடையின்றி வெளியேற வேண்டும். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இந்த இரண்டு தேவைகளையும் நிறைவேற்றத்தான் குழாய்க்குள் ஓர் அச்சில் சுழலும் வட்டத் தட்டை வைத்தார்கள். மெதுவாக ஓடும்போது தட்டு மூடியிருக்கும், புகை நீண்ட வழியில் போகும். ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் தட்டு திறந்து குறுக்கு வழி கிடைக்கும். எப்போது திறப்பது என்பதைச் சுற்று வேகம், எஞ்சினின் சுமை, கியர், ஓட்டுநர் தேர்ந்தெடுத்த முறை ஆகியவற்றைப் பார்த்துக் காரின் கணினியே முடிவு செய்கிறது.

பழைய கார்கள் பலவற்றில் தட்டை மூடுவது எஞ்சினிலிருந்து வரும் வெற்றிட உறிஞ்சல். திறந்து வைப்பது ஒரு ஸ்பிரிங். அத்தகைய காரில், எஞ்சின் அணைந்து குழாய் நன்றாக ஆறிய பிறகு, சைலன்சரின் பக்கத்தில் இருக்கும் சிறு கம்பியை விரலால் தள்ளிப் பார்த்தால் ஸ்பிரிங்கின் எதிர்ப்பு கைக்குத் தெரியும். எஞ்சினைக் கிளப்பியதும் அதே கம்பி உள்ளே இழுபடுவதைக் கண்ணால் பார்க்கலாம். புதிய கார்களில் இந்த வேலையைச் சிறு மின் மோட்டார் செய்கிறது.

இதில்தான் நம் இளைஞர்கள் கை வைக்கிறார்கள். வெற்றிட ரப்பர் குழாயைக் கழற்றி அதன் வாயில் ஒரு போல்ட்டைச் செருகிவிட்டால் தட்டு எப்போதும் திறந்தே இருக்கும். போல்ட் செருகாமல் விட்டால் காற்று கசிந்து எஞ்சின் தடுமாறும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மோட்டார் உள்ள காரில் பிளக்கைப் பிடுங்கினால் தட்டு நின்ற இடத்திலேயே நின்றுவிடும், கணினியும் பழுது என்று குறித்துக்கொள்ளும். இவற்றையெல்லாம் மன்னித்துவிடலாம். பின் சைலன்சரையே அறுத்து எடுத்துவிட்டு நேர்குழாயைப் பற்றவைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வலு கூடும் என்று நம்பிக் காசைக் கொட்டுகிறார்கள். ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதிக்கும்போது அந்தத் தட்டு முன்பே திறந்துதானே இருந்தது? அதை எடுத்துவிடுவதால் கூடுவதெல்லாம், சைகை விளக்கில் நிற்கும்போதும் வீட்டு வாசலில் ஊர்ந்துவரும்போதும் எழும் சத்தம் மட்டுமே.

ஒலிக்கு ஆசைப்படுபவர்களை நான் பழிக்கவில்லை. நல்ல ஆறு சிலிண்டர் எஞ்சின் மேலேறிப் பாடும்போது நானும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பேன். அவர்களுக்கு நான் சொல்வது, தட்டையும் சைலன்சரையும் அப்படியே வைத்துக்கொண்டு, திறக்கவும் மூடவும் ஒரு சுவிட்ச் பொருத்திக்கொள்ளுங்கள் என்பதே. தெருவுக்குள் நுழையும்போது மூடிக்கொள்ளலாம். இன்னொன்று, நம் கடற்காற்றிலும், குழாய் சூடேறுவதற்குள் முடிந்துவிடும் குறுகிய பயணங்களால் உள்ளே தேங்கும் நீரிலும் தட்டின் அச்சு துருப்பிடித்து இறுகிவிடும், அல்லது தேய்ந்து கடகடவென்று ஆடும். சைலன்சர் போய்விட்டது என்று புதிது வாங்குவதற்கு முன் அச்சைப் பார்க்கச் சொல்லுங்கள். துருவை இளக்கும் எண்ணெயும் கொஞ்சம் பொறுமையும் பல வேளைகளில் போதுமானவை.

வாசகர் கேட்ட சட்டத்துக்கும் வருகிறேன். தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் உள்ள விதிகள், சரியாக வேலை செய்யும் சைலன்சர் இல்லாத வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டக்கூடாது என்கின்றன. நேர்குழாய்க்காரர்களைப் பிடிக்க இதுவே போதும். ஐரோப்பாவில் புதிய மாதிரிகளை, 20 மீட்டர் நீளச் சோதனைப் பாதையின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி ஒலிவாங்கிகளை வைத்து, 50 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி ஓட்டி அளக்கிறார்கள். அந்த ஒரு நிலையில் மட்டும் தட்டை மூடிவைத்துத் தேர்ச்சி பெற்றுவிடலாம் என்ற ஐயம் எழுந்ததால், 2016இல் நடைமுறைக்கு வந்த திருத்த விதிகள் மற்ற வேகங்களிலும் கியர்களிலும் எழும் சத்தத்தையும் கணக்கில் கொள்கின்றன.

நம் சாலையோரச் சோதனையிலும் இதே கவனம் வேண்டும். நிறுத்திய வண்டியின் குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 பாகைக் கோணத்தில் ஒலிமானியை வைத்து அளப்பது உலகெங்கும் பழகிய முறை. ஃபிளாப் உள்ள காரை அப்படி அளக்கும்போது, தட்டு மூடிய நிலையில் ஒரு முறையும் திறந்த நிலையில் ஒரு முறையும் அளந்து, கூடிய அளவையே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நகராட்சியைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சைலன்சர் பட்டறைத் தொழிலாளி ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.