டைடல் பார்க்குக்கு சைக்கிளில் போகப்போகும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

சென்னை டைடல் பார்க் ஐ.டி. வளாகத்தில் வேலை, அதுவும் தினமும் சைக்கிளில்தான் போகப்போகிறாய் என்று கேட்டதிலிருந்து சித்திக்குத் தூக்கமில்லை. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நீ அனுப்பிய வீட்டுப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் நேரே கிலோமீட்டரை மட்டும் எழுதி வைத்திருக்கிறாயே, அதுதான் இடிக்கிறது. சென்னை தட்டையான ஊர், மேம்பாலங்களை விட்டால் ஏற்றமென்று ஒன்றுமில்லை, நாலைந்து கிலோமீட்டரெல்லாம் உன் காலுக்கு ஒரு விஷயமே இல்லை. ஆபீஸ் வாசலில் ஓடும் ஓ.எம்.ஆரை, அதாவது பழைய மகாபலிபுரம் சாலையை, எங்கே கடக்கிறாய், அதன் மேலேயே எவ்வளவு தூரம் ஓட்டுகிறாய், இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

துரைப்பாக்கம் வீட்டையே எடுத்துக்கொள். வழி நேர்வழி, ஆனால் முழுக்க ஓ.எம்.ஆர். நீ இடது ஓரமாகப் போய்க்கொண்டிருப்பாய், பின்னால் வரும் பஸ் உன்னைத் தாண்டிய கையோடு ஸ்டாப்பிங்குக்காக இடதுபக்கம் ஒடிக்கும், அதே நேரம் எதிரே ராங் ரூட்டில் ஒரு பைக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு வருவார், தப்பு உன்னுடையது என்பதுபோல. மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்த இடங்களில் ஓரமென்றே ஒன்று இருக்காது. மேடவாக்கத்தில் வாடகை குறைவுதான், சரி, ஆனால் தூரமும் அதிகம், நெரிசலும் அதிகம். அதை அடித்துவிடு.

என்னைக் கேட்டால் திருவான்மியூர். சந்து சந்தாகவே வந்து, டைடல் சந்திப்பில் ஒரே ஒரு முறை ஓ.எம்.ஆரைக் கடந்தால் ஆபீஸ். ஆனால் மேப்பில் பார்த்துவிட்டு ‘இதோ இருக்கிறது’ என்று நம்பிவிடாதே. நடுவில் பக்கிங்ஹாம் கால்வாய் ஓடுகிறது, பாலம் இருக்கும் இடத்தில்தான் தாண்ட முடியும், அதனால் எந்தத் தெரு எந்தப் பாலத்துக்குப் போய்ச் சேருகிறது என்று பார்த்துக்கொள். இன்னொரு வசதியும் உண்டு. ஆபீஸ் உனக்கு மேற்கே இருப்பதால் காலையிலும் வெயில் முதுகில், சாயங்காலமும் முதுகில். வேளச்சேரியிலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டு வேளையும் கண்ணில் அடிக்கும், அவர்களுக்கு ஒரே ஆறுதல் சாயங்காலக் கடல்காற்று வீட்டுப்பக்கம் தள்ளிவிடுவது.

வேளச்சேரியை நான் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லவில்லை. தரமணி வழியாக வந்தால் ஓ.எம்.ஆரைக் கடக்கவே வேண்டாம், ஏனென்றால் டைடல் பார்க் இருப்பதே மேற்குப் பக்கம். ஆனால் தாழ்வான பகுதி, 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் என்ன ஆனது என்று உனக்கே தெரியும். அவ்வளவு பெரிய வெள்ளம் எல்லாம் வேண்டாம், முழங்கால் தண்ணீர் நின்றாலே போதும், கீழே பள்ளமா திறந்த வடிகாலா என்று தெரியாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் நடக்க வேண்டும். அங்கேதான் என்று முடிவெடுத்தால், ஐப்பசி கார்த்திகையில் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று புரோக்கரிடம் கேட்காதே, எதிர்வீட்டு மதிலில் கறை தெரிகிறதா பார், முனையில் இஸ்திரி போடுகிறவரிடம் கேள்.

அப்புறம், புரோக்கர் உன்னை ஞாயிற்றுக்கிழமைதான் வரச்சொல்வார். அன்றைக்கு ஓ.எம்.ஆரில் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அந்த வீட்டு வாசலிலிருந்து ஆபீஸ் வாசல் வரை நீயே ஒருமுறை மிதித்துப் பார், அதற்குப் பிறகு அட்வான்ஸைப் பற்றிப் பேசலாம்.

வீட்டுக்காரரிடம் சைக்கிளை எங்கே நிறுத்துவது என்று மறக்காமல் கேள். பைக்குக்கு இடம் விடுவார்கள், சைக்கிள் என்றால் ‘மாடிப்படிக்குக் கீழே போட்டுக்கோ’ என்பார்கள். அங்கே பூட்டைக் கோத்துப் பூட்ட ஒரு கம்பியாவது இருக்க வேண்டும். பக்கத்தில் சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிற கடை இருக்கிறதா என்றும் விசாரித்து வை, முக்கால்வாசிப் பேர் பைக்கைத்தான் தொடுகிறார்கள்.

எந்தத் திங்கட்கிழமை வருகிறாய் என்று சொல், நான் லீவு போடுகிறேன்.

அக்கா